கடலை உருண்டையும் காகிதப் பொட்டலமும்

விலை கொடுத்து வாங்குவதே உயர்ந்த பக்ஷணம் என்னும் எண்ணம் நம் இல்லங்களில் வேரூன்றிவிட்டது. பிறந்தநாளில் வகுப்பினருக்குச் சாக்லேட் வழங்க வகையற்ற பிள்ளைகள் கூசி நிற்பதைக் கண்டு ஆசிரியராகிய நாம் வருந்துகிறோம். பெற்றோர்களே! வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை 2 பங்கும் வெல்லம் 1 பங்கும் இருந்தால் போதாதா? வெல்லத்தைச் சிறிது நீரில் கரைத்து, வடிகட்டிப் பாகு காய்ச்சுங்கள். ஒரு துளியை நீரிலிட்டு உருட்டித் தட்டில் போட்டால் 'டங்'கென்று ஒலிப்பதே பதம். கடலையைக் கொட்டிக் கிளறி, அரிசிமாவு தொட்ட கையால் சூட்டோடு உருட்டிவிடுங்கள். பழைய காலண்டர்த் தாளில் குழந்தையே பொட்டலம் மடிக்கட்டும். கைத்தொழில் கல்வியின் நடுவே நிற்கவேண்டுமென்று 1937-இல் காந்தியடிகள் வார்தாவில் வற்புறுத்தினாரன்றோ? வசதி படைத்த வீட்டாரும் இவ்வுருண்டையையே கொடுத்தனுப்பத் தலைப்படுவாராயின், வகுப்பில் எந்தக் குழந்தையும் கூசவேண்டியிராது.