இறங்கிய குழல்கள் எங்கே போகின்றன?

நோன்பு மாதம் நெருங்குகையில் எங்கள் கல்முனைப் பகுதிப் பள்ளிவாசல்களுக்கு வெள்ளையடிப்பதும், பழுதான விளக்குகளைக் கழற்றுவதும் வழக்கம். அண்மைக் காலமாக, நாம் ‘ரியூப் லைட்’ என்னும் குழல் விளக்குகளை இறக்கிவிட்டு எல்.ஈ.டி. விளக்குகளை மாட்டி வருகின்றனர். மின்கட்டணம் குறைவதால் வீடுகளும் மருதமுனைத் தறிக்கூடங்களும் அவ்வழியே செல்கின்றன. நல்ல மாற்றந்தான். இறங்கிய குழல்கள் எங்கே போகின்றன என்று மின்வேலை செய்யும் தம்பி ஒருவரிடம் கேட்டேன்.

“குப்பைக்குத்தான் காக்கா. வேறெங்க போடுற?” என்றார்.

குப்பைக்குப் போகுமுன் மதிலோரத்திற் சாய்ந்து கிடப்பவை சிறுவரின் வாட்போருக்கு ஆயுதமாகின்றன. சில, இடித்துத் தூளாக்கப்பட்டுப் பட்ட நூலில் ஏறுகின்றன.

குழலுக்குள் இருப்பது வெறுங்காற்றன்று. சில மில்லிகிராம் பாதரசம் அதனுள் உண்டு. மின்சாரம் பாயும்போது பாதரச ஆவி கண்ணுக்குப் புலப்படாத புறஊதாக் கதிரை எழுப்ப, உட்சுவரிற் பூசிய வெண்தூள் அதனை வெள்ளொளியாக்குகிறது. குழல் உடைந்தால் அந்த ஆவி மூச்சிற் கலக்கும். நீரிற் சேரும் பாதரசத்தையோ நுண்ணுயிர்கள் கொடிய நஞ்சாக மாற்ற, அது சிறு மீனிலிருந்து பெருமீனுக்கு ஏறித் திரளும். தொழிற்சாலைக் கழிவினால் ஜப்பானின் மினமாட்டா ஊரார் பட்ட துயரம் 1956 இல் வெளிப்பட்டது. ஒரு குழல் உடைந்து மினமாட்டா உண்டாகிவிடாது. அச்சுறுத்துவது என் நோக்கமன்று. ஆயினும் ஒருபுறம் கடலும் மறுபுறம் வயலுமாய், மணலிற் கிணறு தோண்டி நீர் குடித்து, மீனின்றிச் சோறுண்ணாத நமக்கு, எறிந்துவிட்டு மறப்பதற்கு இடமேது? பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் யானைகள் இரைதேடுவதை உலகமே படத்திற் பார்த்துவிட்டது.

வீட்டிற் குழல் உடைந்துவிட்டால் மின்விசிறியை நிறுத்தி, சன்னல்களைத் திறந்துவிட்டு, பிள்ளைகளுடன் 15 நிமிடம் வெளியே இருத்தல் வேண்டும். தும்புத்தடியாற் கூட்டலாகாது. தடித்த அட்டையால் வாரி, ஈரத்தாளால் துடைத்து, மூடியுள்ள போத்தலில் அடைக்க வேண்டும்.

உடையாத குழலுக்கு வழியுண்டு. ஹோமாகமவில் ஒரேஞ்ச் இலெக்ட்ரிக் நிறுவனத்தார் இதற்கென்றே ஆலை ஒன்றை நிறுவினர். இத்தகைய ஆலைகளில் மூடிய எந்திரத்துள் குழலை நொறுக்கி, கண்ணாடியையும் உலோகத் தொப்பியையும் வெண்தூளையும் வேறாக்கி, பாதரசத்தை வடித்தெடுப்பர். ஆனால் ஒற்றைக் குழலைத் தூக்கிக்கொண்டு ஏறத்தாழ 300 கிலோமீற்றர் எவர் போவார்? ஆகவேதான் பள்ளிவாசலை நினைக்கிறேன். மஹல்லாவினர் அங்கே ஒரு மூலையிற் சேர்த்தால், ஒரு மாதத்தில் நூறு குழல் சேரும். கொழும்புக்குச் சாரம் ஏற்றிச் செல்லும் லொறிக்கு அது ஒரு பாரமன்று. மாநகர சபையார் முன்வந்து ஆலையாருடன் பேசினால் இன்னும் நன்று.

காலமும் நெருக்குகிறது. இலங்கையும் சேர்ந்துள்ள மினமாட்டா உடன்படிக்கை நாடுகள், 2023 இல் ஜெனீவாவிற் கூடி, 2027 முடிவுக்குள் இக்குழல்களின் உற்பத்தியையும் இறக்குமதியையும் நிறுத்துவதெனத் தீர்மானித்தன. எனவே வரும் சில ஆண்டுகளில் நம் கூரைகளிலிருந்து அவை கூட்டங்கூட்டமாக இறங்கும். பெட்டிக்குச் செலவும் வேண்டியதில்லை. நாலடிப் புதுவிளக்கு வந்த அட்டைக்கூடே நாலடிப் பழைய குழலுக்கும் அளவாயிருக்கும்.