கொழுக்குமலை ஜீப்பின் பின் சக்கரம்

கொழுக்குமலை இருப்பது தேனி மாவட்டத்தில். ஆனால் வண்டியில் போக வேண்டுமென்றால் கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான் ஏற வேண்டும். தூரம் அதிகமில்லை, தேயிலைத் தோட்டத்துக்குள் புகுந்தபின் சக்கரத்துக்கு அடியில் பெரும்பாலும் பாறைத் துண்டுகள்தான். சூரியோதயம் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு இருட்டிலேயே ஜீப்கள் கிளம்பிவிடுகின்றன. அந்த டயர்களைக் கழற்றி மாட்டுகிறவர்களைப் பார்க்கத்தான் நான் சூரியநெல்லிக்குப் போனேன். ஓட்டுநர் ஒருவர் தம் வீட்டு வாசலிலேயே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார். உதவிக்கு மகன்.

மஹிந்திரா ஜீப், 6.00-16 அளவு டயர், ட்யூப் போட்டது. முன் சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்தார்கள். மழை ஈரம் காயாத மண் என்பதால் ஜாக்கிக்கு அடியில் பலகை. தூக்குவதற்கு முன்பே நட்டுகளை இளக்கிவிட்டார் ஓட்டுநர் அண்ணன். “தொங்க விட்டுட்டா நட்டோட சேந்து சக்கரமும் சுத்தும் தம்பி.” பழைய வில்லிஸ் ஜீப்களில் இடப்பக்க நட்டுகள் எதிர்த்திசையில் கழலும். அது தெரியாமல் பலங்கொண்ட மட்டும் முறுக்கினால் போல்ட் முறிந்துவிடும்.

ஸ்டெப்னியை மாட்டி வண்டியை இறக்கிய பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. வால்வு பின்னைக் கழற்றிக் காற்று முழுவதையும் விட்டார்கள். சக்கரத்தின் டிஸ்க்கோடு ஒட்டிப் பிடித்திருந்த பீடிங்கை, அதாவது டயரின் உள் விளிம்பை, விடுவிக்க, படுக்கப் போட்ட டயரின் மேல் ஜாக்கியை நிறுத்தி பம்பருக்கு அடியில் முட்டுக் கொடுத்து ஏற்றினார்கள். ஜீப்பின் எடையே டயரை அமுக்க, பீடிங் பட்டென்று விட்டது.

பீடிங்குக்குள் ஓடுவது எஃகுக் கம்பி, இழுத்தால் நீளாது. அதனால்தான் டிஸ்க்கின் நடுவில் பள்ளம் வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கத்தை அந்தப் பள்ளத்தில் இறக்கினால் எதிர்ப்பக்கம் தளரும். மகன் லீவரோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து, “நெம்பாதடா. முழங்கால நல்லா ஊனு,” என்றார். ஊன்றினான். பீடிங் பள்ளத்தில் இறங்கியது. லீவர் சோப்புத் தண்ணீரில் வழுக்கிக்கொண்டு சுற்றி வந்தது.

ட்யூபில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல்கள். “ஆணி இல்ல. காத்து கம்மி. கல்லுக்கும் டிஸ்க்குக்கும் நடுவுல நசுங்கியிருக்கு.” பாறையில் பிடிப்பு கிடைக்கக் காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டுவது வழக்கம், அளவு மீறினால் இப்படித்தான். மகன் தலை குனிந்துகொண்டான். அவர் திட்டவில்லை.

அடுத்து அவர் செய்தது எனக்கு மிக முக்கியமாகப் பட்டது. பழைய துணியைச் சுருட்டி டயரின் உட்புறம் முழுக்கத் தேய்த்துக்கொண்டே வந்தார். வெறுங்கையால் தடவினால் கம்பியோ முள்ளோ விரலைக் கிழித்துவிடும். ஓரிடத்தில் துணி மாட்டியது. உள்ளே நைலான் இழைகள் அறுந்திருந்தன. வெளியே தரையைத் தொடும் பட்டன் பாதிக்கு மேல் மிச்சம். பார்த்தால் இன்னும் ஒரு வருஷம் ஓடும் என்றுதான் தோன்றும். ட்யூபை மட்டும் ஒட்டி மாட்டியிருந்தால், ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும்போது டயர் வெடித்திருக்கலாம். சீசனுக்கென்று எடுத்து வைத்திருந்த புது டயரைக் கொண்டுவரச் சொன்னார். காசு கணக்கு அவர் முகத்தில் தெரிந்தது, ஆனாலும் தயங்கவில்லை. சவாரிக் கூலியில் டீசல் சேர்கிறது. இந்தச் சாயங்கால வேலைக்கு யாரும் கூலி தருவதில்லை. தர வேண்டும் என்பது என் எண்ணம்.

புது டயருக்குள் பவுடர் தூவி, மடிப்பு விழாதபடி புது ட்யூபில் கொஞ்சம் காற்றடித்துச் செருகினார்கள். முழுக் காற்றும் ஏற்றி, மறுபடி இறக்கி, மறுபடி ஏற்றினார்கள். ட்யூபின் சுருக்கம் அப்போதுதான் விரியும். பீடிங்கை ஒட்டி ஓடும் கோடு டிஸ்க்கைச் சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு ஸ்டெப்னியைக் கழற்றிச் சக்கரத்தை மாட்டி, நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி முறுக்கினான் மகன்.

“காலையில மேல போய் நின்னதும் இன்னொரு தடவ முறுக்கிரு. புதுசா மாட்டுனது, ஓடுனா கொஞ்சம் இளகும்,” என்றார் அண்ணன்.

“சரிப்பா. காத்து எவ்வளவு வைக்க?”

“தோட்டத்து கேட் வரைக்கும் 30. அங்க நானே இறக்கிக் காட்டுறேன்.”