55 வினாடிப் பாட்டு வகுப்பு

தொடக்கப் பள்ளியில் பாட்டு வாத்தியார் என்று ஒரு பணியிடத்தை என் 33 வருஷ சர்வீஸில் நான் பார்த்ததில்லை. அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில், ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 1978-ல் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்தேன். 2011-ல் ஓய்வு. முதல் பாதி கடலூர்ப் பக்கம், பின் பாதி சிதம்பரத்தைச் சுற்றி. பெண்கள் உயர்நிலைப் பள்ளிகளில் பாட்டு டீச்சர் இருப்பார்கள், சுருதிப் பெட்டியும் இருக்கும். எங்கள் ஈராசிரியர் பள்ளிகளில் சாக்பீஸ் இருந்தாலே பெரிது.

ஆனாலும் எல்லாப் பள்ளிக்கும் பொதுவாக ஒரு பாட்டு வகுப்பு உண்டு. யாரும் அதை வகுப்பு என்று நினைப்பதில்லை. காலை பிரேயரில் பாடுகிற தமிழ்த்தாய் வாழ்த்துதான் அது. மனோன்மணீயம் சுந்தரனார் எழுதி, எம்.எஸ். விஸ்வநாதன் மெட்டமைத்து, 1970-ல் அரசு விழாக்களில் பாட வேண்டும் என்று ஆணையானது. மோகன ராகம், திஸ்ர நடை, 55 வினாடி. வருஷத்துக்கு இருநூறு நாள் பள்ளி என்று வைத்துக்கொண்டால், ஒன்றாம் வகுப்பில் சேருகிற பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடிப்பதற்குள் ஆயிரம் தடவை மோகனம் பாடிவிடுகிறது. எந்த சங்கீத வித்வான் வீட்டில் இவ்வளவு சாதகம் நடக்கும்?

மோகனம் அமைந்தது பிள்ளைகளின் அதிர்ஷ்டம். ச, ரி, க, ப, த என்று ஐந்தே சுரம். பக்கத்துப் பக்கத்துச் சுரங்களுக்கு நடுவே நல்ல இடைவெளி இருப்பதால் கால் வழுக்காது. முறையாகப் பாட்டு கற்பவர்கள் சரளி வரிசையை மாயாமாளவகௌளையில் தொடங்குவார்கள். அதில் ச-வும் ரி-யும் ஒட்டி ஒட்டி வரும். குருவுக்கு எதிரே தினமும் உட்காருகிற பிள்ளைக்கு அது சரி. மரத்தடியில் நிற்கும் நாற்பது பிள்ளைகளுக்கு மோகனம்தான் சரி. பழந்தமிழில் இதை முல்லைப்பண் என்பார்கள். மாடு மேய்க்கப் போன இடத்தில் பிறந்த பண் பள்ளிக்கூடத்துக்கும் பொருந்திவிட்டது.

சேர்ந்த புதிதில் என் கவலை வேறு. என் குரல் கட்டைக் குரல். திருப்பாதிரிப்புலியூரில் குடியிருந்தேன். பாடலீசுவரர் கோயிலில் சாயரட்சைக்குத் தேவாரம் பாடும் ஓதுவார் ஒருவர் பழக்கம். பிரேயருக்கு நான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது, எப்படி என்று அவரிடம் கேட்டேன். அவர் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது.

"தம்பி, உங்க சுருதி ஒரு கட்டை. குழந்தைங்க சுருதி அஞ்சு கட்டை இருக்கும். நீங்க பாடினா அதுங்களும் உங்களை மாதிரி பாடணும்னு தொண்டையை அமுக்கிக்கிட்டு உறுமும். அதுங்களைக் கிணத்துல இறக்காதீங்க. உங்களால மேல ஏற முடியலைன்னா, அஞ்சாங் கிளாஸ்ல ஒரு பொண்ணு நல்லா பாடும், அதை முன்னால நிறுத்துங்க. மத்ததெல்லாம் அது பின்னாலயே வந்துடும்."

சிறு பிள்ளைகளில் ஆண், பெண் என்று குரலில் பேதம் கிடையாது. இரண்டும் உயரத்தில்தான் இருக்கும். ஆண் வாத்தியார் கீழே பாடும்போது, பையன்கள்தான் அதிகம் கெட்டுப்போகிறார்கள். சாரைப் போல இருக்க வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை. பிறகு, "இவனுக்குக் குரல் இல்லை" என்று நாமே முத்திரை குத்திவிடுகிறோம்.

கடலோரக் குப்பத்துப் பள்ளி ஒன்றில் இருந்தபோது, மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் வேறு பள்ளியிலிருந்து வந்து சேர்ந்தான். பிரேயரில் அவன் வாய் அசையும், சத்தம் வராது. ஒரு வாரம் கவனித்துவிட்டுக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அந்த ஸ்கூல்ல ஆண்டு விழாவுக்கு வாயை மட்டும் அசைக்கச் சொன்னாங்க சார். என் சத்தம் எல்லாரையும் கெடுக்குதாம்."

எட்டு வயசுப் பையன். ஆண்டு விழா முடிந்து பல மாதங்கள் ஆகியும், பள்ளியே மாறியும், அந்தக் கட்டளையை அவன் மீறவில்லை. இந்தக் கீழ்ப்படிதலைப் பார்த்து எனக்கு வயிறு கலங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கடற்கரைப் பக்கம் போனேன். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கரைவலை பார்த்தவர்களுக்குத் தெரியும், பாட்டு இல்லாமல் அந்தக் கயிறு நகராது. பெரியவர் ஒருவர் அம்பா எடுத்துக் கொடுக்க, இழுக்கிறவர்கள் அத்தனை பேரும் 'ஏலேலோ' என்று வாங்கிப் பாடுவார்கள். கயிற்றின் கடைசியில் பொடிப் பையன்கள். அதில் நம்மாளும் நின்றான். அவன் குரல் அத்தனை ஆண் குரலுக்கும் மேலே, மணி மாதிரி, சுருதி விலகாமல் கேட்டது. அவன் அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். "நல்லா கத்துவான் வாத்தியாரே!"

பிரேயரில் மட்டும்தான் அவனுக்குக் குரல் இல்லை.

மறுநாள் முதல் வருகைப் பதிவேட்டைப் பாட்டாக்கினேன். ஒவ்வொரு பேரையும் இரண்டே சுரத்தில் ஐந்தாம் வகுப்புப் பெண் கூப்பிடுவாள். அந்தப் பிள்ளை அதே இரண்டு சுரத்தில் 'உள்ளேன் ஐயா' என்று பதில் பாட வேண்டும். அம்பா மாதிரியேதான், ஒருவர் கொடுக்க ஒருவர் வாங்குவது. நாற்பது பேருக்கு ஐந்து நிமிஷம் ஆகும். இதில் ஒரு லாபம், ஒவ்வொரு பிள்ளையும் தினமும் ஒரு தடவை தனியாகப் பாடிவிடுகிறது. தப்பாகப் பாடினாலும் நான் திருத்த மாட்டேன். அடுத்த பேருக்குப் போய்விடுவோம். நாள் போகப் போக மற்றவர்களைக் கேட்டுக் கேட்டே சரியாகிவிடும். பாடுவதற்கு முன்னால் வர வேண்டியது கேட்பதுதானே.

அந்தப் பையன் முதல் இரண்டு வாரம் கையை மட்டும் தூக்கினான். பிறகு பேசும் குரலில் சொன்னான். அரைப் பரீட்சைக்கு முன்னால் ஒரு நாள் பாடினான். யாரும் கைதட்டக் கூடாது என்று கண்ணாலேயே ஜாடை காட்டினேன். தட்டினால் மறுபடி மூடிக்கொள்வான் என்று பயம். ஐந்தாம் வகுப்பு முடியும்வரை அவன் பாட்டில் பரிசு எதுவும் வாங்கவில்லை. நடு வரிசையில் நின்று சத்தமாகப் பாடினான். தொடக்கப் பள்ளிப் பாட்டுக்கு நான் வைத்திருக்கும் தேர்ச்சி மதிப்பெண் அதுதான்.

1993-ல் மாவட்டம் இரண்டாகப் பிரிந்தது. அதற்கடுத்த வருஷம் எனக்குச் சிதம்பரம் பக்கம் மாறுதல். இசைக்கென்றே பேர் போன ஊர். சீர்காழி முத்துத்தாண்டவர் இந்த நடராஜரைப் பற்றித்தான் கீர்த்தனைகள் பாடினார். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் பல்கலைக்கழகத்தோடு இசைக்கும் இடம் வைத்தார். டைகர் வரதாச்சாரியார், பிற்காலத்தில் தண்டபாணி தேசிகர் போன்றவர்கள் அங்கே பொறுப்பில் இருந்தார்கள். தமிழில் பாட வேண்டும் என்று 1941-ல் தமிழிசை மாநாடு கூடியதும் அண்ணாமலை நகரில்தான். அதே ஊரிலிருந்து சைக்கிளில் அரை மணி நேரத் தூரத்தில் இருந்த என் பள்ளிப் பிள்ளைகளுக்கு, இசை என்று ஒன்றைப் பள்ளியில் கற்றுத் தருவார்கள் என்பதே செய்தி. கடலூரில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது, நல்ல விஷயம். ஆனால் அதில் சேர 12 வயது ஆக வேண்டும். ஆறு வயதுப் பிள்ளைக்கு நம்மை விட்டால் யார்?

அந்தப் பிள்ளைகளுக்கு நான் அடிக்கடி சொன்ன கதை ஒன்று உண்டு. சிதம்பரத்தில் வாழ்ந்த உமாபதி சிவாசாரியார் பேரில் வழங்கும் திருமுறை கண்ட புராணத்தில் வருவது. ராஜராஜ சோழனும் நம்பியாண்டார் நம்பியும் தில்லைக் கோயிலில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளை மீட்டார்கள். கறையான் தின்றது போக மிச்சம் கிடைத்தது. அந்த மிச்சத்தையும் எப்படிப் பாடுவது என்று தெரியவில்லை. ஏட்டில் எழுத்து இருந்தது, மெட்டு இல்லை. கடைசியில் திருஎருக்கத்தம்புலியூரில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணிக்குப் பண் தெரியும் என்று கண்டுபிடித்து, அவரை அழைத்துவந்து பண் வகுத்தார்கள். அந்த ஊர் இன்று விருத்தாசலம் பக்கத்தில் இராஜேந்திரப்பட்டினம் என்று இருக்கிறது. நம்ம மாவட்டம்தான்.

கதையைக் கேட்ட நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து கேட்டாள். "ராஜாவுக்கே தெரியாதது அந்த அம்மாவுக்கு மட்டும் எப்படி சார் தெரிஞ்சுது?"

"அவங்க வீட்டுல விடாம பாடிக்கிட்டே இருந்திருக்காங்கம்மா."

இதைவிட நல்ல பதில் எனக்கு இன்றும் கிடைக்கவில்லை. எழுத்தை ஏடு காப்பாற்றும். மெட்டு தொண்டையில்தான் தங்கும். ஒரு தலைமுறை வாயை மூடிக்கொண்டால் போதும், அது போய்விடும்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. போன வருஷம் ஒரு பள்ளி விழாவுக்கு அழைத்திருந்தார்கள். தமிழ்த்தாய் வாழ்த்து ஸ்பீக்கரில் வந்தது. அழகான பாட்டு, சுருதி சுத்தம். இருநூறு பிள்ளைகள் கையைக் கட்டி, வாயை மூடி நின்றார்கள். ஆசிரியர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை, அவர்களுக்குத் தலைக்கு மேல் வேலை. 2021 டிசம்பரில் அரசு இதை மாநிலப் பாடலாக அறிவித்தபோது, இசைவட்டைத் தவிர்த்து வாய்ப்பாட்டாகவே பாட வேண்டும் என்றுதான் ஆணையில் சொல்லியிருக்கிறது. ஆனாலும் பொத்தானை அமுக்குவது சுலபமாக இருக்கிறது. ஒரு பையனுக்கு வாயை மட்டும் அசைக்கச் சொன்னதற்கே நான் அத்தனை கலங்கினேன். ஸ்பீக்கர் வந்தபின் வாயை அசைக்கவும் தேவையில்லை.

இதைப் படிப்பவர்களில் பாதிப் பேராவது ஓய்வு பெற்றவர்கள். பக்கத்துப் பள்ளியில் தலைமையாசிரியரைப் பார்த்து, வாரத்துக்கு இரண்டு நாள் காலை பிரேயருக்கு வந்து நிற்கட்டுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள். ஸ்பீக்கரை அணைக்கச் சொல்லுங்கள். யாரையும் திருத்தாதீர்கள், யாருக்கும் பரிசும் கொடுக்காதீர்கள். பாடாமல் நிற்கிற பிள்ளை எது என்று மட்டும் பார்த்துவைத்துக்கொண்டு, அதன் பக்கத்தில் போய் நில்லுங்கள்.

எனக்குக் குரல் போய்விட்டது சார் என்பீர்கள். எனக்கு எப்போது இருந்தது? ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் நன்றாகப் பாடுவாள். அவளை முன்னால் நிறுத்துங்கள்.