சலூன் சுவரில் ஒரு தங்கப் பதக்கம்

தம்பலகாமத்தில் எங்கள் வீட்டுக்கு அண்மையில் ஒரு சலூன் உண்டு. ஊருக்குப் போகும்போதெல்லாம் அங்கேதான் முடி வெட்டிக்கொள்வேன். கடைசியாகப் போனபோது, கண்ணாடிக்கு மேலே மஞ்சளித்துப்போன பத்திரிகை நறுக்கொன்று இன்னமும் ஒட்டியிருப்பதைக் கண்டேன். 2010 ஒக்டோபரில் நான் தலைப்பிட்ட செய்தி அது.

புதுடில்லியில் நடந்த பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில், 56 கிலோ எடைப்பிரிவுக் குத்துச்சண்டையில் மஞ்சு வன்னியாரச்சி தங்கம் வென்றிருந்தார். இறுதியில் தோற்றவர் வேல்ஸ் நாட்டு இளைஞர் ஷோன் மெக்கோல்ட்ரிக். 1938இல் சிட்னியில் பார்னி ஹென்ரிகஸ் வென்றதன் பின்னர், 72 ஆண்டுகள் கழித்து இலங்கைக்கு வந்த குத்துச்சண்டைத் தங்கம். அன்றிரவு ஆசிரியபீடத்தில் எவருக்கும் தூக்கம் வரவில்லை. முதற்பக்கத்தில் பெரிய எழுத்துகளில் போட்டோம்.

பிறகு, ஊக்கமருந்துச் சோதனையில் நண்ட்ரலோன் கண்டறியப்பட்டதாகச் செய்தி வந்தது. பதக்கம் பறிக்கப்பட்டது, 2011இல் அது மெக்கோல்ட்ரிக்குக்குப் போயிற்று. வெற்றிமேடையில் நின்று தம் நாட்டுக் கீதத்தைக் கேட்கும் அந்த ஒரு நிமிடத்தை மட்டும் அவருக்கு எவராலும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அச்செய்தியை உட்பக்கத்தின் அடியில், இரண்டு பந்திகளுக்குள் அடக்கியவனும் நானே. இடமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இடம் இருந்தது.

பல்கேரியாவின் குப்ராட் புலேவை எண்ணிப்பார்க்கிறேன். 2008இல் அமெச்சூர் பிரிவில் ஐரோப்பியச் சாம்பியன். அதே ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் முதற்சுற்றிலேயே தோல்வி. ஆனாலும் 2009இல் தொழில்முறைக்கு மாறி, 2014இல் ஹம்பர்க்கில் கிளிச்கோவையே எதிர்த்து நிற்க அவருக்கு வழியிருந்தது. தோற்றார்; அதற்கும் சம்பளம் உண்டு. நம் பிள்ளைகளுக்கு அப்படியொரு இரண்டாம் வாசல் கிடையாது. பதக்கம்தான் எல்லாம். அது செய்த தவறைச் சிறிதாக்காது என்பதையும் அறிவேன்.

"தம்பி, இந்தப் பொடியன் இப்ப எங்க? பிறகு ஒரு செய்தியையும் காணல்லியே" என்றார் சலூன்காரப் பெரியவர்.

சொன்னேன். கத்தரிக்கோல் நின்றது. கண்ணாடிக்குள் அவர் முகத்தைப் பார்க்காமல் மடியில் கிடந்த முடியைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தேன்.

"அதையும் பேப்பரில போட்டீங்களா?"

"போட்டோம் அண்ணை."

"எத்தனையாம் பக்கத்தில?"