புயலின் கண்ணும் வாஷ்பேசின் சுழலும்

2016 டிசம்பர் 12-ஐ தேனாம்பேட்டைக்காரர்கள் அவ்வளவு சீக்கிரம் மறக்க மாட்டார்கள். வர்தா புயல் சென்னைக்கு வந்த நாள். வடக்கிலிருந்து அடித்த காற்று மரங்களைச் சாய்த்துக்கொண்டே இருந்தது. பிற்பகலில் புயலின் மையம் நகரத்தின் மேல் வந்ததும் காற்று சட்டென்று அடங்கியது. அப்பாடா, முடிந்தது என்று தோன்றும் நேரம். ஆனால் கொஞ்ச நேரத்தில் தெற்கிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தது!

ஏன் இப்படி? பூமியின் வடபாதியில் புயல் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். வர்தா கிழக்கிலிருந்து மேற்கே நகர்ந்தது. அதனால் அதன் மேற்கு ஓரம் முதலில் வந்தது, அங்கே வடக்குக் காற்று. அடுத்து நடுவில் இருக்கும் 'கண்'. கடைசியில் கிழக்கு ஓரம், அங்கே தெற்குக் காற்று. அமைதி என்பது பாதி வழி, அவ்வளவுதான்.

சரி, இதை ஒரே திசையில் சுழல வைப்பது யார்? பூமியின் சுழற்சி. சென்னை இருப்பது 13 டிகிரி அட்சரேகையில். துருவத்தில் உள்ள விளைவில் கால் பங்குகூட இங்கே கிடையாது. ஆனால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம், நாட்கணக்கில் பயணம் என்றால் அதுவே தாராளம்.

அப்படியென்றால் வாஷ்பேசின் தண்ணீரையும் பூமிதான் சுழற்றுகிறதா? இல்லை! அது சில நொடிகளில் இறங்கிவிடும். குழாய் எந்தப் பக்கம் கொட்டியது என்பதே திசையை முடிவு செய்யும். 1962-ல் அமெரிக்காவில் ஆஷர் ஷபிரோ, சுமார் 1.8 மீட்டர் அகலத் தொட்டியில் தண்ணீரை 24 மணி நேரம் அசையாமல் வைத்திருந்து திறந்த பிறகுதான் பூமியின் கை தெரிந்தது.

வியாழனின் பெரும் சிவப்புப் புள்ளியும் ஒரு சுழல்தான். பூமியைவிடப் பெரியது. 150 ஆண்டுகள் தாண்டியும் சுற்றுகிறது. கரை ஏறினால் வலுவிழக்கும் நம்மூர்ப் புயலைப் போல அதற்கு முட்டிக்கொள்ளக் கரையே கிடையாது.

இன்னொரு கோடியில் திரவ ஹீலியம். மைனஸ் 271 டிகிரி செல்சியசுக்குக் கீழே அது உராய்வே இல்லாமல் ஓடும். அந்தப் பாத்திரத்தை வேகமாகச் சுற்றினால் சுழலின் பலம் கூடாது, எண்ணிக்கைதான் கூடும்! ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவு, பாதி கால் என்று கிடையாது. 1949-ல் லார்ஸ் ஆன்சாகர் இதைச் சொன்னார். அந்தச் சுழலின் 'கண்' ஓர் அணு அளவுதான்.

வர்தாவின் கண்ணோ ஒரு நகரத்தின் மேலேயே வந்து நின்றது. அடுத்த புயலில் காற்று திடீரென்று நின்றால் பால் பாக்கெட் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். மீதிப் பாதி வந்துகொண்டிருக்கலாம்.