டிலைட் தியேட்டரும் நான் கொடுத்த தண்டனையும்

கோவை வெரைட்டி ஹால் ரோட்டில் டிலைட் தியேட்டர் இருந்த இடம் வழியாகப் போன வாரம் ஆட்டோவில் போனேன். கட்டடத்தை இடித்துவிட்டார்கள் என்று முன்பே தெரியும். ஆனாலும் நேரில் பார்த்தபோது மனசு என்னவோ போலாகிவிட்டது.

1988 என்று நினைவு. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு டீச்சர். மத்தியான மணி அடித்தும் ஒரு பையன் வரவில்லை. தேடிப்போனால் டிலைட் கேட்டிலிருந்து ஓடி வருகிறான். மேட்னி பார்க்கப் போனான் என்று நானே முடிவு செய்து, சாயங்காலம் வரை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தேன். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் காலை அவன் அப்பா வந்தார். அங்கே டிக்கெட் கிழிப்பவர். "டீச்சர், பையன் படம் பாக்க வரலைங்க. எனக்குச் சோறு கொண்டாந்தானுங்க" என்றார். கோபமே இல்லை. போகும்போது, "அது சாமிக்கண்ணு வின்சென்ட் கட்டுன கொட்டாய்ங்க. பசங்களை ஒரு நாள் கூட்டிட்டு வாங்க, மெஷின் ரூமைக் காட்டறேன்" என்றார்.

சரி என்று தலையாட்டினேன். கூட்டிப்போகவில்லை. வ.உ.சி. பூங்காவுக்குத்தான் வருஷா வருஷம் கூட்டிப்போனேன். சினிமாக் கொட்டகையில் என்ன பாடம் இருக்கிறது என்ற எண்ணம்.

ஓய்வுக்குப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். சாமிக்கண்ணு திருச்சியில் ரயில்வே வரைபடக்காரர். 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கி, வேலையை விட்டு, பெஷாவர் வரை கூடாரம் போட்டுப் படம் காட்டியவர். 1914இல் சொந்த ஊரான கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். தென்னாட்டவர் ஒருவர் கட்டிய முதல் நிரந்தரத் திரையரங்கு என்று அதைச் சொல்வார்கள். ஊமைப்படம் போய்ப் பேசும் படம் வந்தது. பிறகு பெயரும் டிலைட் ஆனது. கடைசிக் காலத்தில் பழைய படங்களுக்குச் சொற்பக் கூட்டம்தான். இன்று தெருவின் பெயர் மட்டும் மிச்சம்.

பத்து நிமிட நடையில் இத்தனை பாடம் இருந்தது. நடத்தாமல் விட்டவள் நான்.

அந்த மாணவன் இதைப் படித்தால்: உன்னைக் கேட்காமலே தண்டித்தேன். டீச்சரை மன்னிச்சிரு கண்ணு. உன் அப்பா நலமா? அவரிடமும் சொல்.