பாலமும் ஒரு பென்னியும்

திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே தாமிரபரணி மீது நிற்கும் சுலோசன முதலியார் பாலத்தை, லண்டனின் பழைய வாட்டர்லூ பாலத்தின் சாயலில் கட்டியதாகச் சொல்வார்கள். சாயல் வளைவுகளோடு முடிந்துவிடுகிறது. நம்முடையது 1843இல் திறக்கப்பட்டது. கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்தவர் தம் சொந்தப் பணத்தைப் போட்டார். அவர்களுடையது 1817இல் திறக்கப்பட்டது. ஒரு கம்பெனி பங்கு விற்றுக் கட்டியது. நடந்து கடக்க ஆளுக்கு ஒரு பென்னி சுங்கம். ஒன்று கொடை, மற்றது முதலீடு. இந்த வித்தியாசம் கல்லில் தெரியாது. யார் கடந்தார்கள், யார் கடக்கவில்லை என்பதில்தான் தெரியும்.

வாட்டர்லூவின் நுழைவில் இரும்புச் சுழல்கதவுகள் இருந்தன. ஒரு சமயத்தில் ஒருவர்தான் நுழையலாம். ஒவ்வொரு சுழற்சியும் சாவடிக்குள் பூட்டிவைத்த யந்திரத்தில் பதிவாகும். காசு வாங்குபவன் கையாட முடியாது. வங்கி குமாஸ்தாவான எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் ஒரு மரியாதை உண்டு. கணக்கு துல்லியம். வரவுதான் போதவில்லை. செலவு 10 லட்சம் பவுனுக்கு மேல். இரு பக்கமும் வெஸ்ட்மின்ஸ்டர், பிளாக்ஃபிரையர்ஸ் பாலங்கள் இலவசமாகக் கிடந்தன. பென்னியை மிச்சம் பிடிக்க ஜனங்கள் சுற்றி நடந்தார்கள். யந்திரம் வந்தவர்களை எண்ணியது. வராதவர்களை எண்ண அதில் வழியில்லை.

சுங்கம் பாலத்தை ஆளற்றதாக்கியது. அந்தத் தனிமை வேறு சிலரை அழைத்தது. தற்கொலைக்குப் பேர்போன இடமாயிற்று அது. தாமஸ் ஹுட் 1844இல் எழுதிய ‘பெருமூச்சுகளின் பாலம்’ கவிதையை அதோடு சேர்த்தே பேசுகிறார்கள். நீரில் மூழ்கிய பெண்ணுக்காக அடிக்கு அடி கசியும் கவிதை. ஆனால் வாட்டர்லூவில் சாக வந்தவர்களும் காசு கொடுத்துத்தான் உள்ளே வந்தார்கள் என்ற விஷயம் கவிதைக்குள் வரவில்லை. டிக்கன்ஸ் 1853இல் எழுதிய ஒரு கட்டுரையில் அந்தப் பாலத்துச் சுங்கக்காரனைப் பேசவிட்டார். ஹுட் இரக்கப்பட்டார், டிக்கன்ஸ் விசாரித்தார். என் மதிப்பில் இரண்டாவதுதான் பெரிய காரியம். இரக்கம் செத்தவளோடு நின்றுவிடுகிறது. விசாரணை வாசலில் உட்கார்ந்திருப்பவன் வரை போகிறது. நம்முடைய வறுமைக் கவிதைகளிலும் கண்ணீர் உண்டு, தொகை இல்லை.

இவர்களையெல்லாம் நான் படித்தது பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில். ஜங்ஷன் பக்கத்து வீட்டிலிருந்து மூன்று வருஷம் பாலத்தைத் தாண்டி, கொக்கிரகுளம் வழியாக நடந்தே போனேன். பஸ் காசுக்கு வீட்டில் வேறு தேவைகள் இருந்தன. பாலத்து முனையில் ஒரு சாவடி இருந்து, போக ஒரு ரூபாய், வர ஒரு ரூபாய் என்று கேட்டிருந்தால், அப்பா உட்கார்ந்து கணக்குப் போட்டிருப்பார். அவர் ஈரமில்லாதவரல்ல, கணக்குத் தெரிந்தவர். ஹுட்டும் டிக்கன்ஸும் அக்கரையிலேயே நின்றிருப்பார்கள். அந்த மூன்று வருஷத்தில் ஒரு நாளாவது நன்றியோடு கடந்ததாக நினைவில்லை. நினைக்கத் தேவையில்லாமல் கடக்க முடிந்ததே பாலத்தின் பெருமை.

இப்போது கவுண்டருக்கு இந்தப் பக்கம் நான். ஒரு பாட்டி பாஸ்புக்கை நீட்டினாள். குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று பிடித்த தொகையைக் காட்டி, “இல்லாததுக்குமாய்யா துட்டு பிடிப்பிய?” என்று கேட்டாள். விதியைச் சொன்னேன். கணக்கில் பிழை எதுவும் இல்லை. மிச்சமிருந்ததை எடுத்துக்கொண்டு போனாள். அப்புறம் நான் அவளை அங்கே பார்க்கவில்லை. ஒரு நாளில் எத்தனை பேர் பணம் போட்டார்கள், எடுத்தார்கள் என்பது சாயங்காலம் ஒரு பொத்தானை அழுத்தினால் வந்துவிடும். அதிலும் வராதவர்களுக்குப் பத்தி கிடையாது.

1878இல் லண்டன் நகர வாரியம் ஏறத்தாழ 4,75,000 பவுன் கொடுத்து வாட்டர்லூவை வாங்கிச் சுங்கத்தை எடுத்தது. திறந்து 61 வருஷம் கழித்து. கம்பெனிக்காரர்களைக் கொடியவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். போட்ட பணத்துக்கு வரவு கேட்பது நியாயம்தான். அந்த நியாயத்தின் பாரம் யார் காலில் விழுகிறது என்பதுதான் கேள்வி. தாமிரபரணிக் கரையில் ஒருவர் தம் கைப்பணத்தால் அதற்குப் பதில் சொன்னார். ஒவ்வொரு ஆற்றுக்கும் ஒரு முதலியார் வாய்க்கமாட்டார். மற்ற ஆறுகளின் விஷயத்தில் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.